கொள்ளைக் கலமும் கட்டைக் கலமும்

விளையாட்டை வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. அரசர் பட்டியல், கல்வெட்டு, நிலவுடைமை, சாதியமைப்பு ஆகியன பற்றி எழுதுவோர் பலர். குழந்தை எதை வைத்து விளையாடியது, அவ்விளையாட்டுப் பொருளை யார் ஆக்கினர், எதன் சாயலாக ஆக்கினர் என்று கேட்போர் சிலரே. ஆயினும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பொருள், அச்சமூகம் எதை அஞ்சியது, எதை வியந்தது, எதை மறந்துவிட்டது என்பவற்றைச் சாசனங்களுக்குச் சற்றும் குறையாத தெளிவோடு காட்டக்கூடியது. சிறு பிளாஸ்ரிக் கட்டைகளைப் பொருத்திக் கடற்கொள்ளையர் கப்பல் அமைக்கும் பொழுதுபோக்கு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகளிலும் அது புகுந்துவிட்டது. அதனை இந்நோக்கிலே ஆராய்வதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் நம் இலக்கிய மரபு விளையாட்டுப் பொருள்கள் பற்றிக் கூறுவதை நோக்குவோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகின்றது. அது ஒரு துறைமுக நகரைப் பாடும் நூல். குதிரைகள் கடல்வழியே வந்திறங்கியதையும் ஈழத்து உணவு அங்கே குவிந்ததையும் கூறும் நூல். அத்தகைய நகரின் குழந்தைக்கும் விளையாட்டுக் கருவியாகத் தேரே வாய்க்கின்றது. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற்குக் கழங்கும் அம்மானையும் நீராடலும் ஊசலும் வரும். சிறுகலம் என்றொரு பருவம் இல்லை. கடல் கடந்து வாணிகமும் படையெடுப்பும் நடத்திய மக்களின் மொழியில் இது வியப்புக்குரியது. பாட்டுடைத் தலைவர் தெய்வமாகவோ வேந்தராகவோ அமைய, அவர்க்குரிய ஊர்தி தேராகவே கொள்ளப்பட்டமை இதற்குக் காரணமாகலாம். கப்பலோ வணிகனுக்கும் பரதவனுக்கும் உரியதாயிற்று. எழுத்தில் ஏறாவிடினும், மழைவெள்ளத்தில் கடதாசிக் கப்பல் விட்டவரும், தென்னம்பாளையைத் தோணியாக மிதக்கவிட்டவரும், முருக்கங் கட்டையைக் குடைந்து வள்ளம் செய்தவரும் நம் கரையோர ஊர்களில் எப்போதும் இருந்திருக்கின்றனர். அவர்களைப் பாடப் புலவர் இல்லை, அவ்வளவே.

இனி, கட்டைக் கலத்தின் பிறப்பிடத்துக்கு வருவோம். டென்மார்க் நாட்டில் பிலுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்ரியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பொருளாதார மந்தத்தால் வீடு கட்டுவாரும் தளபாடம் கேட்பாரும் அருகிய காலம் அது. 1934இல் தன் தொழிலுக்கு அவர் இட்ட லெகோ என்னும் பெயர், நன்றாக விளையாடு என்னும் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கியமைத்தது. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்ரிக் கட்டை இவரது தனிக் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பார் அதற்கு முன்னரே அத்தகைய கட்டைகளை விற்றுவந்தார். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டே 1949இல் டேனிஷ் கட்டைகள் வெளிவந்தன. தொடக்கத்தில் அவை இறுகப் பற்றவில்லை. கட்டிய வீட்டைத் தூக்கினால் பாதி கையோடு வரும், பாதி தரையில் கிடக்கும். 1958 ஜனவரி 28ஆம் நாள் பதிவுசெய்யப்பட்ட காப்புரிமையே இக்குறையைத் தீர்த்தது. கட்டையின் உட்புறத்தே குழாய்களை அமைத்து, கீழ்க்கட்டையின் குமிழ்கள் அக்குழாய்களுக்கும் சுவருக்கும் இடையே நெருங்கிச் சிக்குமாறு செய்தனர். 1960இல் மரப்பொம்மைக் களஞ்சியம் எரிந்துபோக, மரவேலையை அந்நிறுவனம் கைவிட்டது. தச்சர் தொழிலில் தோன்றிய ஒன்று தச்சினை முற்றாக நீத்தது இவ்வாறு.

இப் பற்றுதலின் இயல்பைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். மரக்கலம் கட்டுவோர் பலகையைப் பலகையோடு இணைக்கத் தொன்றுதொட்டு இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று ஆணி, மற்றையது கயிறு. இந்து சமுத்திரக் கரைகளில் தும்புக் கயிற்றால் தைத்த கலங்களே நெடுங்காலம் பெருவழக்காயிருந்தன. சிங்கள மீனவரின் ஒறுவையும் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் அவ்வகையின. தைத்த கலம் அலை மோதும்போது விறைத்து நின்று உடையாது, நெகிழ்ந்து கொடுக்கும். அதனினும் முக்கியமானது, கயிறு நைந்தவிடத்துத் தையலைப் பிரித்துப் பலகைகளை மீண்டும் தைக்கலாம் என்பது. ஆணி அடித்த கலத்தில் இது இயலாது. பிடுங்கிய ஆணி பலகையைப் புண்ணாக்கிவிடும். பிளாஸ்ரிக் கட்டை இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது இணைப்பாயினும், பிரித்துக் கட்டும் தன்மையால் தைத்த கலத்துக்கே நெருங்கிய உறவு. நேற்று அரண்மனையாயிருந்தது இன்று கப்பலாகலாம். பொம்மைத் தொழிற்சாலையில் வார்த்தெடுத்த முழுக் கப்பலுக்கு இந்தப் பேறு இல்லை.

1978இல் அந்நிறுவனம் கை கால் அசையும் சிறு மனித உருவை வெளியிட்டது. உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். முகம் மஞ்சள் நிறம், இரு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை. பதினொரு ஆண்டுகள் எல்லா உருவுக்கும் அதே முகந்தான். 1989இல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோதுதான் தாடியும் மீசையும் கண்மறைப்பும் கொக்கிக் கையும் மரக்காலும் தோன்றின. கொள்ளையனுக்கே முதலில் தனி முகம் வாய்த்தது என்பது சிந்திக்கத்தக்கது. நல்லவர் யாவரும் ஒரே முகத்தினர்; தீயவனே வேறுபடுத்தி அறியத்தக்கவன் போலும்! அவ்வாண்டு வந்த கப்பல்களுள் பெரியதான கருங்கடற் பரக்கூடா, பொழுதுபோக்காளரிடையே இன்றும் தலைசிறந்ததாகப் பேசப்படுகின்றது. 2020இல் அதன் நினைவாக 2,545 துண்டுகள் கொண்ட புதிய தொகுதியொன்றை அந்நிறுவனமே வெளியிட்டது. அதை வாங்கியோருட் பலர் 1989இல் சிறுவராயிருந்தவர்.

தற்காலப் போர்க்கருவிகளைப் பொம்மையாக்குவதை அந்நிறுவனம் நெடுங்காலம் தவிர்த்தே வந்தது. தாங்கியோ போர்விமானமோ அதன் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் கொள்ளையன் கப்பலில் பீரங்கி உண்டு. அப்பீரங்கி சுருள்வில் விசையால் சிறு குண்டை எறியவும் செய்தது. (அமெரிக்காவில் விற்றவை மட்டும் சுடாத பீரங்கிகள்; அங்குள்ளோர் அச்சத்தின் போக்கு விந்தையானது.) முந்நூறு ஆண்டுத் தொலைவு கொலையை வேடிக்கையாக்கிவிடுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கட்டைக் கலம் அமைப்போரிடையே இரு சாரார் உளர். ஒரு சாரார் காட்சிக்காகக் கட்டுவோர். வரலாற்றுக் கப்பலொன்றின் வரைபடத்தை வைத்து, விலாவின் வளைவு, பீரங்கி வாயில்களின் எண்ணிக்கை, பாய்மரக் கயிறுகளின் வரிசை ஆகியவற்றை இயன்றவரை பிழையின்றி அமைத்து, கண்ணாடிப் பேழையில் வைப்பர். மற்றைய சாரார் விளையாடத்தக்க கலம் கட்டுவோர். இவர்கள் பணியே கடினமானது என்பது என் எண்ணம். காட்சிக் கப்பலுக்குக் கண் ஒன்றே நீதிபதி. விளையாட்டுக் கப்பலுக்கோ பத்து வயதுச் சிறுவனின் கை நீதிபதி. நடுவிற் பிடித்து ஒரு கையால் தூக்கினால் அது முறியலாகாது. மேற்றளம் எளிதிற் கழலவேண்டும். உள்ளறையில் விரல் நுழையவேண்டும். பாய்மரம் தட்டுப்பட்டாற் சாயலாம், கழன்று விழலாகாது. பீரங்கி பின்னிழுத்துக் குண்டேற்ற இடம் வேண்டும். கப்பித்தானின் அறைக்குக் கதவு வேண்டும். அக்கதவு திறக்கவும் வேண்டும்.

அளவு பற்றிய இடர்ப்பாடு இன்னும் சுவையானது. 4 சென்ரிமீற்றர் உருவை ஐந்தரை அடி மனிதனாகக் கொண்டால் நாற்பத்திரண்டில் ஒன்று என்னும் அளவு கிடைக்கும. ஆனால் அவ்வுருவின் தோளகலம், கைகளையும் சேர்த்தால், ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். அதே கணக்கில் அவன் ஒரு மீற்றர் அகலமுள்ள மனிதனாவான்! உயரத்தின்படி அளந்த கப்பலில் இத்தகைய பருத்த மாலுமிகள் இருவர் எதிரெதிரே கடந்துசெல்ல இயலாது. ஆகவே விளையாடத்தக்க கலம் கட்டுவோர் நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவர். உண்மைக் கலத்தின் பத்துப் பீரங்கிகளை நான்காக்குவர். நூறு பேர் ஏறிய கப்பலுக்கு எட்டுப் பேரை மாலுமிகளாக்குவர். வரலாற்று நாடகம் எழுதுவோன் பத்தாயிரம் படைவீரரை நான்கு நடிகராற் காட்டுவதை ஒத்தது இது. பொய்யென்று இதனைத் தள்ளுவோர் நாடகத்தையும் தள்ளவேண்டியவரே.

விலா வளைவே எல்லாவற்றிலும் பெருஞ்சிக்கல். கட்டை நாற்சதுரம், கப்பலோ வளைவு. நிறுவனம் 1989இல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி எனத் தனித்தனியே வார்த்த பெருந்துண்டுகளைத் தந்து இதனைத் தவிர்த்தது. நடுப்பகுதிகளைக் கூட்டினாற் கப்பல் நீளும். ஆழ்ந்த ஈடுபாடுடையோர் இதனை ஏற்பதில்லை. சிறுகட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்கியும், கீல் கொண்ட துண்டுகளாற் பலகை வரிசையை மடித்தும் அவர்கள் வளைவை உண்டாக்குவர். குமிழ்களுக்கிடையே 8 மில்லிமீற்றர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர். மூன்று தட்டைத் துண்டுகள் ஒரு கட்டையுயரம். இவ்வெண்களை மனத்திற்கொண்டே பக்கவாட்டுக் கட்டையை நேர்க்கட்டையோடு பொருத்தவேண்டும். நம் ஓடாவிமார் வரைபடமின்றி முழக்கோலும் மனக்கணக்கும் கொண்டு கலம் கட்டினர் என்பதை நினைத்தால் இருவர்க்கும் நெடுந்தூரமில்லை.

இவ்வளவு உழைத்துக் கட்டும் கலம் மிதப்பதில்லை என்பதையும் கூறிவிடவேண்டும். கட்டைகளின் இடுக்கே நீர் புகும். 1978இல் வெளிவந்த பிளேமோபில் நிறுவனத்துக் கொள்ளைக் கப்பல் நீரில் மிதந்தது. லெகோக் கப்பல் தரைக்கே உரியது. நாவாய் நிலத்தில் ஓடாது என்றார் வள்ளுவர். வெள்ளவத்தை வரவேற்பறைகளின் தரைவிரிப்பை அவர் கண்டிலர்.

இக் கப்பல்களில் ஏறியிருக்கும் கொள்ளையன் எங்கிருந்து வந்தான் என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி. ஒற்றைக் கால், தோளிற் கிளி, புதையல் வரைபடம் ஆகிய இவையெல்லாம் பெரும்பாலும் றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் 1883இல் நூலாக வெளியிட்ட புதையல் தீவினால் நிலைபெற்றவை. 1881இல் மழைநாளொன்றில் தன் மனைவியின் முதற்கணவருக்குப் பிறந்த மகனோடு தீவொன்றின் படம் வரைந்து விளையாடியதிலிருந்தே அக்கதை கிளைத்தது. விளையாட்டிற் பிறந்த கதை நூற்றாண்டு கழித்து விளையாட்டுக்கே திரும்பியது எனலாம். கதையும் படமும் பொம்மையும் காட்டும் நிலக்காட்சி கரீபியக் கடல். ஆனால் அக்காலத்து ஐரோப்பியக் கொள்ளையர் பெருஞ்செல்வம் கண்டது நம் சமுத்திரத்திலேயாம். 1695இல் ஹென்றி எவெரி கைப்பற்றிய கஞ்ச்-இ-சவாய், மக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய முகலாயரின் யாத்திரைக் கப்பல். 1698இல் கப்பித்தான் கிட் பிடித்த குவேதா மேர்ச்சன்ற், மலையாளக் கரைக்கு அப்பால் ஆர்மீனிய வணிகரின் சரக்கோடு சென்றது. கிட் 1701இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். பொம்மைத் தொகுதிகளில் தென்னை மரம் உண்டு. அத்தென்னை எந்தக் கரைக்கு உரியதென்று எவரும் கேட்பதில்லை.

ஐரோப்பியர் வருமுன்னரும் இச்சமுத்திரத்திற் கொள்ளை இருந்தது. இந்தியாவின் மேலைக் கரையில் கொள்ளையர் தொல்லை உண்டென்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ கூறுவது விரிவானது. மலபார், கூர்ச்சரக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கொள்ளைக் கலங்கள் மனைவி மக்களோடு புறப்படுமாம். இருபது முப்பது கலங்கள் சில மைல் இடைவெளியில் வரிசையாக நின்று, வணிகக் கப்பலைக் கண்டதும் தீயாலும் புகையாலும் ஒன்றுக்கொன்று அறிவிக்குமாம். அகப்பட்ட வணிகருக்குப் புளியைக் கடல்நீரிற் கரைத்துக் குடிப்பித்து, அவர்கள் விழுங்கி மறைத்த முத்துக்களை வாந்தியெடுக்கச் செய்தனராம். குடும்பத்தோடு சென்ற கொள்ளையர், சமையலறைப் புளியை ஆயுதமாக்கிய கொள்ளையர்! பொம்மை செய்வோர் இவ்விவரத்தைத் தவறவிட்டமை இழப்பே.

ஆயின் கொள்ளைக்கும் அரசிறைக்கும் இடையே அக்காலத்தில் கோடு எங்கே கிடந்தது? கரையில் உடைந்த கப்பலின் சரக்கு முழுவதையும் அரசன் கவர்வது பல துறைகளில் வழக்காயிருந்தது. 1244இல் காகதீய கணபதி மோட்டுப்பள்ளிச் சாசனத்தில், முன்னையோர் அவ்வாறு பறித்தனர், தான் உரிய தீர்வையன்றி வேறு கொள்ளேன் என்று வணிகருக்கு உறுதி அளிக்கவேண்டியிருந்தது. நம் நாட்டிலேயே நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனம், ஊராத்துறைப் பக்கம் உடையும் கலம் யானையும் குதிரையும் கொணர்ந்ததாயின் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும், வெறும் வாணிகக் கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் உரியதென்று விதிக்கின்றது. கடல் பறித்ததிற் பாதியை அரசன் எடுத்தால் அது சட்டம். முழுவதையும் எடுத்தால்? தோணிக்காரன் எடுத்தால்?

இக்கேள்வி நம் வரலாற்றை நேரே தொடுமிடம் இபின் பதூதாவின் குறிப்பாகும். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது கலம் காற்றின் போக்கால் இலங்கையின் மேல்கரையை அணுகியபோது, மாலுமிகள் அங்கே இறங்க அஞ்சினர். அத்துறை ஆரியச்சக்கரவர்த்திக்கு உரியது, அவன் கொடியவன், கடலிற் கொள்ளையிடும் கலங்கள் உடையவன் என்றனர். யாழ்ப்பாண அரசனைக் கடற்கொள்ளையன் என்று எழுதிய ஒரு சமகாலச் சான்று இது. நம்மவர் எழுதிய பாடநூல்களில் மன்னன் பயணிக்குக் காட்டிய விருந்தோம்பல் வரும், அவன் கொடுத்த முத்துக்கள் வரும், பாவாதமலைக்கு அனுப்பிய துணையாட்களும் வருவர். இவையும் இபின் பதூதா எழுதியவையே. ஆயின் முதல் வசனம் பெரும்பாலும் விடுபட்டுவிடும். அது விடத்தக்கதன்று.

அவர் மேலும் ஒன்று கூறுகின்றார். மாபார் கரையில் ஒருமுறை இம்மன்னனின் சிறிதும் பெரிதுமான நூறு கலங்கள் வந்தடைந்ததைத் தாம் கண்டனராம். துறையில் மதுரைச் சுல்தானின் எட்டுக் கப்பல்கள் யேமன் செல்ல ஆயத்தமாயிருந்தன. சுல்தான் காவலுக்கு ஆட்களைத் திரட்டினான். தாக்க வாய்ப்பில்லையெனக் கண்ட இலங்கைக் கலத்தார், யேமன் செல்லும் எங்கள் கப்பல்களைக் காக்கவே நாங்களும் வந்தோம் என்றனராம். இவ்விடையை நம்புவதா? நூறு கலம் உடையவன் யேமனோடு வாணிகம் செய்ததில் ஐயமில்லை. அதே நூறு கலம் பிறன் வாணிகத்தைத் தடுக்கவும் பயன்பட்டிருக்கும். மதுரைச் சுல்தானின் காவலன் கண்ணுக்குக் கொள்ளைக் கலமாகத் தெரிந்தது, நல்லூரிலிருந்து நோக்கினார்க்குக் காவற்கலமாகத் தெரிந்திருக்கும். இரண்டும் ஒருசேர உண்மையாயிருத்தல் கூடும் என்பதே என் கருத்து. அம்மன்னனைக் கறையற்றவனாகக் காட்ட நான் முயலவில்லை. கடலாதிக்கம் உடைய எந்த அரசும் இரு முகங்கொண்டதே. பின்னர் ஹொன்னாவருக்கும் பாக்கனூருக்கும் இடைப்பட்ட கடலில் பன்னிரண்டு கொள்ளைக் கலங்கள் இபின் பதூதாவைச் சூழ்ந்து, இலங்கை மன்னன் கொடுத்த மணிகள் உட்பட யாவற்றையும் பறித்து, உடுத்த காற்சட்டையோடு கரையில் விட்டன. கொள்ளையன் எனப்பட்டவன் கொடுத்ததை வேறு கொள்ளையர் கொண்டனர்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பெயரிடும் அதிகாரத்தையே தம்வசமாக்கினர். அவர்களிடம் அனுமதிச் சீட்டுப் பெறாது கடலிற் செல்லும் கலம் பறிமுதலுக்குரியதாயிற்று. அதை எதிர்த்த கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்றளபதிகளான குஞ்ஞாலி மரைக்காயர்களை அவர்கள் கொள்ளையர் என்றே எழுதினர். மரைக்காயரின் கலங்கள் 1538இல் இராமேசுவரத்துக்கு அண்மையில் வேதாளையிற் பேரிழப்பை அடைந்தன. நான்காம் குஞ்ஞாலி தன் அரசனோடும் பகைகொண்டு, 1600இல் சரணடைந்து, கோவாவிலே தலை வெட்டுண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியக் கடற்றலைவர் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் அவ்வாறே அழைத்தனர். மரைக்காயர் கதை இன்று மலையாளிகளிடையே வீரக் கதை.

பாக்குநீரிணைக்குத் திரும்புவோம். வல்வெட்டித்துறைத் தோணிகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழகத் துறைகளோடு அரிசி, ஓடு, புகையிலை என்று ஏற்றி இறக்கின. இரு கரையிலும் உறவினர் இருந்தனர். இரு கரையும் வெவ்வேறு அரசுகளின் எல்லையாகிக் கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகிய பின், அதே கடலில் அதே தண்டையல் அதே தோணியிற் சென்றது கள்ளக்கடத்தலாயிற்று. ஆரியச்சக்கரவர்த்திக்கு நிகழ்ந்ததே ஓடாவியின் பேரனுக்கும் நிகழ்ந்தது.

அவ்வூரவர் கட்டிய கலங்களுள் உலகறிந்தது அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயரிட்டார். தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938 ஆகஸ்டில் அது மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கரையோரச் சிற்றூரில் வரைபடக் கூடமின்றிக் கட்டிய பாய்க்கலம் அத்திலாந்திக்கைக் கடந்தது என்பது சிறு செய்தியன்று.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்குக் கப்பல் என்பது யாது? வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடல். அதன் விளிம்பில் துறைமுகத்தை நோக்கி நகரும் சரக்குக் கப்பல்கள். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகமே அயல். ஆனால் இவ்வீடுகளின் மூத்தோர் நினைவிற் கப்பல் வேறொன்று. 1958இலும் 1983இலும் கலவரத்துக்குத் தப்பி அகதிமுகாம்களிற் கிடந்தோர் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்றது கப்பலிலேதான். 1983இல் லங்கா கல்யாணி என்னும் சரக்குக் கப்பலின் பண்டசாலைத் தளத்தில் குந்தியிருந்து சென்றோர் பலர் இன்றும் உளர். கொள்ளையடிக்கப்பட்டது அவர்களது வீடு. கொள்ளையர் கடலிலிருந்து வரவில்லை. கப்பலே அடைக்கலமாயிற்று. பின்னர் அவர்களுட் பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பெயர்ந்தனர். இன்று வெள்ளவத்தை வீடுகளிற் காணப்படும் கட்டைப் பெட்டிகளுட் கணிசமானவை அவ்வுறவினர் அனுப்பிய பொதிகளில் வந்தவை. காப்புரிமைக் காலம் கழிந்தபின் பிறர் வார்த்த ஒத்த அளவுக் கட்டைகள் புறக்கோட்டைக் கடைகளிலும் கிடைக்கும். பற்று சற்றுத் தளர்வு, விலை மிகக் குறைவு.

கொட்டாஞ்சேனையில் என் உறவினர் ஒருவர் இக்கட்டைகளால் அன்னபூரணியைக் கட்டிவருகின்றார். தொழிலில் கணக்காளர், பிறப்பால் வடமராட்சியார். இலண்டன் பொதியொன்றில் வந்த கொள்ளைக் கப்பலைப் பிரித்தே இதற்குக் கட்டை சேர்த்தார். நாற்பத்திரண்டில் ஒன்றெனக் கணித்தால் நீளம் எண்பது குமிழ், அகலம் பதினேழு. பதினேழு குமிழகலத்தில் மேற்கூறிய பருத்த மாலுமிகள் நடமாடத் தளம் போதாதென்று அவர் மகள் முறையிட, இருபத்திரண்டாக்கினார். மெலிந்த தோணி சற்றுக் கொழுத்துவிட்டது. எனினும் சரக்கறைத் தளம் கழல்கின்றது, உள்ளே கை நுழைகின்றது. கொள்ளையர் தொகுதியின் பாய்கள் இதற்கு ஒவ்வாமையால் பழைய வேட்டித் துண்டைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து வெட்டித் தைத்தார். மண்டையோட்டுக் கொடி வேண்டாமென்பது தகப்பன் கருத்து. பீரங்கி இல்லாவிடினும் அக்கொடியாவது வேண்டுமென்பது மகளின் வாதம். சென்ற மாதம் நான் பார்த்தபோது கொடிமரம் வெறுமையாகவே நின்றது. சுக்கானருகே மாலுமியொருவன், கொக்கிக் கையை மாற்ற வேறு கை கிடைக்காமையால், கொக்கியாலேயே சுக்கானைப் பிடித்திருந்தான்.